க்ராஃப்டன் நீராவி யந்திரம்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பிரதேசத்திலுள்ள க்ராஃப்டனில், கென்னட்–ஏவன் கால்வாயின் உச்சிப் பகுதிக்கு ஜலம் இறைப்பதற்காக 1812-ஆம் வருஷம் போல்டன்–வாட் கம்பெனியார் நிர்மாணித்த நீராவி யந்திரம், தான் ஸ்தாபிதமான கட்டடத்திலேயே, அதே காரியத்தைச் செய்யும் சக்தியுடன் இன்றும் நிற்கிறது. ஓய்ந்து கிடந்த அதனை, கால்வாயின்மீது பிரீதி கொண்ட தொண்டர்கள் 1970-இல் மீண்டும் இயக்கினார்கள்.

இத்தகைய முதிய யந்திரத்தைப் பராமரிப்பதற்குப் பொறுமையே பிரதானம். குளிர்ந்த வார்ப்பிரும்பு சிலிண்டரில் நீராவி திடீரென்று பாய்ந்தால், உலோகம் ஒரே சீராக விரியாமல் வெடிப்புக் காணக்கூடுமாகையால், கொதிகலனில் நிதானமாகத் தீ வளர்த்து, சிலிண்டரைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, உள்ளே குளிர்ந்து திரண்ட நீரை வடித்த பிறகே யந்திரத்தின் பெரிய உத்தரத்தை அசைய விடவேண்டும். தேய்ந்த பாகத்தை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவது சுலபம். ஆயினும், அக்காலத் தொழிலாளியின் கைவண்ணம் பதிந்த பழைய உலோகத்தை இயன்றவரை காப்பாற்றுவதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சாதாரண தினங்களில் க்ராஃப்டனில் நீர் இறைப்பவை மின்சாரப் பம்புகள். நீராவி மூட்டும் தினங்களில் அவற்றை நிறுத்திவிட்டு, யந்திரத்திடமே அப்பொறுப்பை ஒப்படைக்கிறார்கள்.