முதுமைக் காலத்துக்கு ஓய்வூதியம்: மாறும் தொகையை நம்பிக் கணக்குப் போடலாமா?

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் தேதி உண்டு. விவசாயிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. முழங்கால் வலி வந்து மண்வெட்டியைக் கீழே வைக்கும் நாள்தான் அவருக்கு ஓய்வு நாள். அதன் பிறகு மாதச் செலவுக்கு என்ன வழி என்று கேட்டால், "அரசாங்கம் முதியோர் பென்ஷன் தருகிறதே, நம் காலத்தில் இன்னும் கூட்டித் தருவார்கள்" என்று பலர் சொல்கிறார்கள். கூட்டித் தரலாம், தராமலும் போகலாம். இரண்டுக்கும் தயாராக இருப்பது எப்படி என்று பார்ப்போம்.

இதுவரை நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-ல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இடையில் 12 ஆண்டுகள் தொகை அப்படியே நின்றது. அந்த 12 ஆண்டில் உங்கள் ஊரில் நடவுக் கூலியும் உர விலையும் எவ்வளவு ஏறின என்று எண்ணிப் பாருங்கள். தொகையைக் குறைத்தால்தான் நஷ்டம் என்பதில்லை. விலைவாசி ஏறும்போது தொகை ஏறாமல் நிற்பதும் குறைப்புதான்.

தொகை மட்டுமல்ல, விதிகளும் மாறும். மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்துக்கு 65 ஆக இருந்த வயது, 2011-ல் 60 ஆகக் குறைக்கப்பட்டது. இது நன்மையான மாற்றம். மறுபக்கமும் உண்டு. 2015-ல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி கட்டுவோர் 2022 அக்டோபர் 1 முதல் புதிதாகச் சேர முடியாது என்று விதி வந்தது. அதற்கு முன்பே சேர்ந்திருந்தவர்கள் தொடர்ந்தார்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்களுக்குத்தான் கதவு மூடியது. சந்தா கட்டும் திட்டங்களில் முன்னரே சேர்வதன் பயன் இதுதான்.

சிறு விவசாயிக்கு உள்ள திட்டம்

2019 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டம், 2 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கானது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 29 வயதில் 100 ரூபாய், 40 வயதில் 200 ரூபாய் சந்தா. அதே அளவு பணத்தை மத்திய அரசும் செலுத்தும். 60 வயது முடிந்ததும் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம். கணவர் இறந்தால் மனைவிக்கு, மனைவி இறந்தால் கணவருக்குப் பாதித் தொகை கிடைக்கும். இருவரும் தனித்தனியே சந்தா கட்டினால் இருவருக்கும் தனித்தனியே 3,000 ரூபாய் உண்டு.

நாற்பது வயதில் சேர்பவர் 20 ஆண்டில் கட்டுவது 48,000 ரூபாய். ஓய்வூதியம் ஆண்டுக்கு 36,000 ரூபாய். கட்டிய பணம் 16 மாதத்தில் திரும்பிவிடும். கிசான் உதவித்தொகை பெறுவோர், நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் 2,000 ரூபாயிலிருந்தே 800 ரூபாயைச் சந்தாவாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். 39 வயதானவர்கள் இந்த ஆண்டைத் தவறவிடக் கூடாது.

ஆனால் 3,000 ரூபாய் போதுமா?

விலைவாசி ஆண்டுக்கு 6 சதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 12 ஆண்டில் செலவு இரட்டிக்கும். 20 ஆண்டில் மூன்று மடங்கைத் தாண்டும். அப்போது கிடைக்கும் 3,000 ரூபாய், இன்றைய 935 ரூபாய் வாங்குவதைத்தான் வாங்கும்.

கணவன் மனைவி இருவருக்கும் இன்று மாதச் செலவு 6,000 ரூபாய் என்றால், 20 ஆண்டு கழித்து அது 19,000 ரூபாய்க்கு மேல் ஆகும். இருவரின் ஓய்வூதியமும் சேர்ந்து 6,000 ரூபாய். மீதி 13,000 ரூபாய்க்கு வழி தேட வேண்டும். திட்டம் கெட்டது என்பதல்ல இதன் பொருள். அது மட்டும் போதாது என்பதே.

மூன்று கூறாகப் பிரியுங்கள்

முதுமை வருமானத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவது, உங்கள் கையில் உள்ளது: நிலம், மரம், கறவை மாடு, அஞ்சலகச் சேமிப்பு. இரண்டாவது, சந்தா கட்டிப் பெறுவது. மூன்றாவது, அரசு அவ்வப்போது முடிவு செய்வது. முதியோர் உதவித்தொகை இந்த மூன்றாவது வகை. ஆதரவற்ற ஏழைகளுக்கான உதவி என்பதால் வருமானம், சொத்து எல்லாம் விசாரிப்பார்கள். நிலம் உள்ளவருக்குக் கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. அரிசி, மருந்து, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு முதல் இரண்டிலிருந்தே வழி செய்யுங்கள். மூன்றாவது வந்தால் லாபம். வராவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் முதல் வகையைப் பலப்படுத்துவதே வழி. அறுவடை முடிந்து பணம் வந்த வாரமே ஒரு பங்கை அஞ்சலகத்தில் போட்டுவிடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் வேலிக்காலிலும் வரப்பிலும் தென்னை வையுங்கள். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர 6, 7 ஆண்டு ஆகும். ஆகவே 50 வயதில் வைத்த கன்று, 60 வயதில் காய்க்கும் மரமாக நிற்கும்.

நிலத்தை அவசரப்பட்டு எழுதிக் கொடுக்க வேண்டாம்

பெரிய ஓய்வூதியம் நிலம்தான். மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தபின் மனம் மாறினால் மீட்பது கடினம். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் எழுதியே தீர வேண்டும் என்றால், "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாகச் சேருங்கள். பராமரிப்பு நின்றால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்டில் 40 வயதுக்கு உட்பட்ட மகன், மருமகள் யார் யார் என்று பாருங்கள். ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், நில விவரம் ஆகியவற்றுடன் பொதுச் சேவை மையத்துக்குச் சென்று விசாரியுங்கள். பட்டாவில் பெயர் சரியாக உள்ளதா என்றும் பாருங்கள். விதி மாறும் செய்தி வரும்போது பதற்றப்பட வேண்டாம். அது மூன்று கூறில் எதைத் தொடுகிறது என்று பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறை, தை அறுவடை முடிந்ததும், கணக்கைத் திருத்தி எழுதினால் போதும்.