நுண்தொழிலும் உருப்பெருக்குக் கண்ணாடியும்

கண்ணும் கையும் ஒன்றற்கொன்று துணைநின்றாலன்றி நுண்ணிய தொழில் எதுவும் நிறைவுறாது. பொற்கொல்லர் மணி பதிக்கும்போதும், மின்கருவி செப்பனிடுபவர் பற்றாசு வைக்கும்போதும், கண் காட்டிய வழியே கை செல்கின்றது. இக்காலத்து மின்சுற்றுப் பலகைகளில் 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமுமே உடைய உறுப்புகளும் உள்ளன. கடுகினும் சிறிய அவற்றை வெறுங்கண்ணால் நோக்கிப் பற்றவைத்தல் அரிதாம்.

நாற்பது வயதை அணுகுங்கால் தொழிலாளர்க்கு மற்றோர் இடரும் தோன்றும். கண்ணின் உள்ளே அமைந்த லென்சு நெகிழ்ச்சி குன்றுவதால், அருகிலுள்ள பொருள் மங்கலாகத் தோன்றும். இதனை வெள்ளெழுத்து என்பர். கைத்திறன் போயிற்று எனக் கலங்கித் தொழிலையே விட நினைப்பாரும் உளர். குன்றியது கைத்திறன் அன்று, அண்மைப் பார்வையே. ஆதலின், முதற்கண் கண் மருத்துவரிடம் சென்று ஏற்ற மூக்குக்கண்ணாடி பெறுதல் வேண்டும். உருப்பெருக்குக் கண்ணாடியை அதன் பின்னரே தேர்தல் முறையாகும்.

நல்ல கண்ணுடையார் ஒரு பொருளை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து வருத்தமின்றிக் காண்பர். அதனினும் மிக நெருங்கினால் உருவம் மங்கும். குவிந்த லென்சோ மிக அருகிலுள்ள பொருளையும் தெளிவாகக் காட்டும். அதனாலேயே பொருள் பெரிதாகத் தோன்றுகின்றது. 25-ஐக் குவியத் தொலைவால் வகுத்தால் பெருக்கம் எத்தனை மடங்கு என்பது புலப்படும். குவியத் தொலைவு 2.5 சென்டிமீட்டராயின் பெருக்கம் 10 மடங்காகும்.

பெருக்கம் மிகுதியாயின் நலமும் மிகும் என்று எண்ணுதல் பிழை. பெருக்கம் ஏற ஏற, லென்சுக்கும் பொருளுக்கும் இடைப்பட்ட தூரம் குறையும், காட்சிப்பரப்பு சுருங்கும், தலை சிறிது அசையினும் உருவம் கலங்கும். வைரத்தின் குறைகளை ஆராய்வார்க்கு 10 மடங்கு லென்சு பொருந்தும். அவர்க்குப் பார்த்தலே வேலை. பற்றவைப்பவர்க்கு அது பொருந்தாது. ஏறத்தாழ 350 பாகை செல்சியசு வெப்பமுடைய சூட்டுக்கோலை 2.5 சென்டிமீட்டர் இடைவெளியில் எங்ஙனம் செலுத்துவது? முகம் சூட்டையும் புகையையும் அன்றோ அணுகும்!

அவர்க்கு ஏற்றது தலைப்பட்டையில் பொருத்திய இருகண் லென்சு. இரு கண்ணாலும் நோக்குவதால் மேடு பள்ளம் நன்கு தெரியும். இரு கைகளும் வேலைக்கு எஞ்சும். மூக்குக்கண்ணாடியின் மேலும் அணியலாம். குவியத் தொலைவு 20 சென்டிமீட்டர் அளவில் இருப்பின் கோல் இயங்க இடம் கிடைக்கும். வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க. வகுத்து வந்த எண்ணோடு 1 கூட்டி மடங்கு குறிக்கும் வழக்கமும் உண்டு. ஒரே 20 சென்டிமீட்டர் லென்சு ஒருமுறையால் ஒன்றேகால் மடங்கு. மற்றொரு முறையால் இரண்டேகால் மடங்கு. ஆகவே, ‘எத்தனை மடங்கு?’ என்பதினும் ‘எத்தனை தூரத்தில் தெளிவாகத் தெரியும்?’ என்று வினவுவதே அறிவுடைமை. முதுகு வளையாமல் அமர்ந்து, தாம் வேலை செய்யும் தூரத்தை அளந்துகொண்டு கடைக்குச் செல்லல் நன்று.

போதிய ஒளி இல்லையேல் எந்த லென்சும் பயன்படாது. நிழல் விழாதவாறு பக்கத்தில் விளக்கு அமைத்தல் வேண்டும். இடையிடையே கண்ணைத் தொலைவில் செலுத்தி இளைப்பாறச் செய்தலும் வேண்டும். வேலை முடிந்தபின் லென்சை உறையிலிட்டு வைத்தல் கடன். வெயிலில் கிடக்கும் லென்சு கதிர்களைக் குவித்துத் தீ மூட்டவும் கூடும்.

கருவியின் பெருமை அதன் ஆற்றலில் மட்டும் இல்லை. தொழிலுக்கும் தொழிலாளிக்கும் பொருந்தும் பொருத்தத்தில் உள்ளது. பொருத்தமான கண்ணாடி, பல்லாண்டு பயின்ற கைத்திறன் வீணாகாமற் காக்கும்.