கரு பதியும் நாள்களில் நிகழ்வது என்ன?

செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில், கருப்பைக்குள் வைக்கப்பட்ட கரு பதியாமற்போனால், "மாடிப்படி ஏறியதால்தானோ? பலமாக இருமியதால்தானோ?" என்று பெண்கள் பலர் தங்களையே நொந்துகொள்கின்றனர். வீட்டுப் பெரியவர்களும் சில வேளைகளில் அவ்வாறே கேட்டுவிடுவதுண்டு. கரு பதியும் முறையை அறிந்தால், இக்கேள்விக்கு இடமில்லை என்பது விளங்கும்.

கருவுற்ற முட்டை, ஐந்தாம் அல்லது ஆறாம் நாளளவில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிரணுக்கள் கொண்ட நுண்ணிய கோளமாகிறது. தன் மேலுறையை விட்டு வெளிவந்த பின்னரே அது கருப்பையின் உட்சுவரைப் பற்ற இயலும். அச்சுவரும் எந்நாளும் கருவை ஏற்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் அதனைத் தடிக்கச் செய்கிறது, புரொஜெஸ்டரோன் பக்குவப்படுத்துகிறது. ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் சில நாள்கள் மட்டுமே அது கருவை ஏற்கும் நிலையில் இருக்கும்.

அந்நாள்களில் கருப்பைச் சுரப்பிகள் 'லிஃப்' என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. இதன் இன்றியமையாமையைச் சுண்டெலிகளே முதலில் உணர்த்தின. 1992-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்புரதத்திற்குரிய மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகளில் கருக்கள் நன்றாகவே உருவாயின, ஆனால் பதியவில்லை. அதே கருக்களை வேறு எலிகளின் கருப்பையில் வைத்தபோது பதிந்து வளர்ந்தன. அப்படியானால் இப்புரதத்தை ஊசியாகச் செலுத்தலாமே என்று தோன்றும். பெண்களுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வில் பயன் கிட்டவில்லை. ஒரே ஒரு சமிக்ஞையால் முடிகிற காரியமன்று இது.

கருவும் வாளாவிருப்பதில்லை. அதன் புறவணுக்களில் உள்ள எல்-செலக்டின் என்னும் புரதம், உட்சுவரின் சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்ற உதவுவதாகக் கருதப்படுகிறது. இரத்த வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் வேகம் தணிந்து ஒட்டுவதும் இதே புரதத்தின் துணையால்தான்! கருவின் குரோமோசோம்களில் பிழையிருப்பின், பதியாமற்போவதும், பதிந்தும் நிலைக்காமற்போவதும் மிகுதி. இவற்றில் எதனையும் படியேறுதலோ இருமலோ மாற்றுவதில்லை. படுத்தே கிடப்பதால் வெற்றி வாய்ப்பு கூடுவதில்லை என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது, வழக்கம்போல் நடமாடலாம்.

பதிந்த கரு எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கர்ப்பப் பரிசோதனை தேடுவது இதனையே. ஆதலால், குறித்த நாளுக்கு முன்னரே பரிசோதித்தால் விடை பிழையாகலாம். முட்டை முதிர்வதற்காக எச்.சி.ஜி. ஊசி போடப்பட்டிருந்தால், கருவே பதியாதபோதும் சில நாள்கள் வரை 'உண்டு' எனக் காட்டக்கூடும்.

சிறிது உதிரம் பட்டாலும், பரிசோதனையில் 'இல்லை' என வந்தாலும், புரொஜெஸ்டரோன் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. முதலில் தங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.