சாரணர் சின்னமும் படிநிலையும்

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் ராபர்ட் பேடன் பவல். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களுடன் அவர் நடத்திய முகாமே இதற்கு வித்திட்டது. விரைவில் இவ்வியக்கம் மலாயாவுக்கும் பரவியது. இன்று கோலாலம்பூரில் பயிலும் மாணவனும், ரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்த சுங்கை சிப்புட்டில் பயிலும் மாணவனும் ஒரே படிநிலைகளில்தான் முன்னேறுகின்றனர்.

சாரணர் சீருடையில் தைக்கப்படும் சின்னம் ஒரு சிறு துணித்துண்டு. சில ரிங்கிட்டுக்குக் கிடைத்துவிடும். ஆனால், அதை அணியும் உரிமையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தொடக்கப்பள்ளிச் சாரணர்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம் எனும் மூன்று ‘கெரிஸ்’ நிலைகளை நோக்கி உழைக்கின்றனர். இடைநிலைப்பள்ளியில் சேர்ந்ததும் இளஞ்சாரணர் முதலில் உறுப்பினர் சின்னம் பெற வேண்டும். இறைவனுக்கும் பேரரசருக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுதல், பிறருக்கு எப்போதும் உதவுதல், சாரணர் சட்டத்தைப் பின்பற்றுதல் ஆகிய மூன்றையும் அவர் உறுதிமொழியாக ஏற்கிறார். வணக்கம் செலுத்தும்போது உயரும் மூன்று விரல்கள் இவற்றையே நினைவூட்டுகின்றன.

அதன்பின் ‘உசாஹா’, ‘மாஜு’, ‘ஜெயா’ என மூன்று படிகள் உள்ளன. முயற்சி, முன்னேற்றம், வெற்றி என்பன இவற்றின் பொருள். ஒரு படியில் கற்றது அடுத்த படியிலும் தேவைப்படும். ஒரே பருமனுள்ள இரு கயிறுகளை இணைக்கும் ‘புக்கு சீலா’ முடிச்சைச் சாரணர் தொடக்கத்திலேயே கற்கிறார். பின்னர் முதலுதவிப் பயிற்சியில், காயக்கட்டின் முனைகளை இணைக்க அதே முடிச்சைப் போடுகிறார். அது தட்டையாக அமைவதால் காயமுற்றவரின் உடலில் உறுத்தாது, அவிழ்ப்பதும் எளிது.

படிநிலைச் சின்னங்களோடு திறன் சின்னங்களும் உண்டு. சமையல், முதலுதவி, நீச்சல் போன்ற துறைகளில் தமக்கு விருப்பமானதைச் சாரணர் தேர்ந்தெடுக்கலாம். பயிற்சி முடிந்ததும் தேர்வாளர் முன் அத்திறனைச் செய்து காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, வரைபடம் பார்க்கும் திறனை எண்ணிப் பாருங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து வடகிழக்கே உள்ள லாசாவுக்குச் செல்லும் வழியை விளக்க, சாலையை மட்டும் அறிந்தால் போதாது. பிளஸ் ஆறு எங்கே ஓடுகிறது, மேட்டு நிலம் எங்கே தொடங்குகிறது, வடக்குத் திசை எது என்பனவற்றையும் வரைபடத்தில் காட்டத் தெரிய வேண்டும். மனனம் செய்த விடை இங்கு உதவாது.

மூத்த மாணவர்கள் கடினமான பயிற்சிகளையும் நெடும்பயணத்தையும் சமூகத் தொண்டையும் நிறைவேற்றி, பேரரசர் சாரணர் விருதைப் பெறலாம். அவர்கள் நிலையில் இதுவே மிக உயரிய விருது.

இணைப்பாட மதிப்பெண்ணுக்காகச் சீருடை இயக்கத்தில் சேர்வோரும் உண்டு. மதிப்பெண் தேவைதான். எனினும், ஒருவர் மயங்கி விழும்போது அருகில் இருப்பவரிடம் எத்தனை மதிப்பெண் பெற்றாய் என்று யாரும் கேட்பதில்லை. முதலுதவி தெரியுமா என்றே கேட்பார்கள். ‘தெரியும்’ என்று முன்வந்து உதவ முடிந்தவருக்கே அச்சின்னம் உரியது.