கண்ணுக்குள் செலுத்தும் மருந்தில் பதனப்பொருள் ஏன் கூடாது?

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கான மருந்துப் பட்டியலைப் பார்க்கும் உறவினர்கள் சிலர், "இதே மருந்து கடையில் சொட்டு மருந்தாகக் கிடைக்கிறதே, அதையே பயன்படுத்தலாமே?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். மருந்து ஒன்றே, அதனுடன் கலந்திருக்கும் பதனப்பொருள்தான் சிக்கல்.

பல நாள் பயன்படுத்தும் சொட்டு மருந்தில் கிருமி வளராதிருக்கப் பெரும்பாலும் பென்சால்கோனியம் குளோரைடு என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கின்றனர். சோப்பைப் போலக் கிருமியின் உறையைச் சிதைப்பது இதன் இயல்பு. கண்ணின் மேற்பரப்பில் படும்போது கண்ணீர் இதைக் கழுவிவிடும். மேற்புற அணுக்களும் புதிதாக வளர்ந்துகொள்ளும். உட்புறத்தில் அவ்வசதி இல்லை. கருவிழியின் உட்பக்கத்தில் ஒரே அடுக்காக, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 அணுக்கள் உள்ளன. கருவிழிக்குள் ஊறும் நீரை இடைவிடாமல் வெளியேற்றி, அதைத் தெளிவாக வைத்திருப்பவை இவையே. இவை அழிந்தால் மீண்டும் வளரா. பதனப்பொருள் உள்ளே சென்றால் இவற்றின் உறையும் சிதையும். கருவிழி நீர்கோத்து மங்கும். பாதிப்பு மிகுந்தால் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை வரை செல்ல நேரிடும்.

ஆகவேதான் மதுரையிலுள்ள ஆரோலேப் நிறுவனம் கண்ணுக்குள் செலுத்துவதற்கென்றே பதனப்பொருளற்ற மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைத் தயாரிக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடைபெற்ற சுமார் 6 லட்சம் அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, மாக்சிஃப்ளாக்சசினைக் கண்ணுக்குள் செலுத்தியபோது உட்கண் தொற்று 10,000 பேருக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது.

இதனால் பதனப்பொருளே தீயது என்று எண்ண வேண்டாம். சென்னைக்கு அருகில் தயாராகி, அமெரிக்காவில் எஸ்ரிகேர் என்ற பெயரில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் மருந்து, பதனப்பொருளின்றிப் பலமுறை பயன்படுத்தும் குப்பியில் வந்தது. 2022-23 காலத்தில் அம்மருந்துடன் தொடர்புபடுத்தப்பட்ட கிருமித்தொற்று 81 பேரைப் பாதித்தது. 4 பேர் இறந்தனர். வீட்டில் சொட்டு மருந்தைத் திறந்த ஒரு மாதத்தில் அப்புறப்படுத்துங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பியில் மீதியிருந்தாலும் மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

பதனப்பொருள் போன்ற நச்சினால் வரும் அழற்சி, அறுவைக்குப் பின் 12 முதல் 48 மணி நேரத்திற்குள் தெரியும். பார்வை மங்கும், வலி குறைவாகவே இருக்கும். வைகை அணை, ஆண்டிபட்டிப் பகுதிகளிலிருந்து வருவோரில் சிலர், "வலிதான் இல்லையே, மறுபரிசோதனை நாளில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். அவ்வாறு காத்திருக்க வேண்டாம். கிருமித்தொற்றும் சில வேளைகளில் இவ்வாறே தொடங்கும். இரண்டையும் பிரித்தறியக் கண்ணைச் சோதித்தே ஆகவேண்டும். பார்வை மங்கினால் அன்றே புறப்பட்டு வாருங்கள். வீட்டில் பயன்படுத்திய குப்பிகளையும் உடன் எடுத்து வாருங்கள்.