காற்று எமது கரையில், திட்டம் யார் கையில்?

காலநிலை மாற்றம் என்பது பெருநகர மாநாடுகளில் மட்டும் பேசப்படும் விடயம் அன்று. கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் மன்னார்த் தீவில் அது எமது முற்றத்து விடயமாகும். மாரியில் வெள்ளம் வடிய இடமின்றி நிற்கின்றது. தீவின் நன்னீரோ மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை மட்டுமே. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகிவிடும். 1964 டிசெம்பர்ப் புயல் தலைமன்னாரைத் தாக்கி, அக்கரையில் தனுஷ்கோடியையே அழித்ததை எமது மூத்தோர் மறக்கவில்லை.

இந்த மாற்றத்துக்கு மருந்து என்று சொல்லப்படும் காற்று மின்சாரமும் எமது தீவுக்கே வந்துள்ளது. சோளகக் காற்று வீசும் தென்கரையில் இலங்கை மின்சார சபை 30 காற்றாலைகளை நிறுவி, 2020 டிசெம்பரில் 'தம்பபவனி' எனப் பெயரிட்டுத் திறந்தது. அதன் வலு சுமார் 100 மெகாவாட். ஆசிய அபிவிருத்தி வங்கி 20 கோடி டொலர் கடன் வழங்கியது. 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவதே நாட்டின் இலக்கு. இலக்கு நல்லதே. நிலக்கரியை எரிப்பதிலும் காற்றைப் பயன்படுத்துவது மேலானது என்பதில் எமக்கு ஐயமில்லை. எமது கேள்வி வேறு: இத்திட்டங்களைத் தீட்டும் மேசையில் எமது ஊருக்கு ஓர் ஆசனம் இருந்ததா?

சபை இல்லாத காலம்

உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் பிற்போடப்பட்டு, 2025 மே 6ஆம் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுகளுக்கு மேலாக மன்னாரில் மக்கள் தெரிவுசெய்த நகர சபையோ பிரதேச சபையோ இருக்கவில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த காற்றாலைகளின் மின்சாரத்துக்கு 2024இல் விலை குறிக்கப்பட்டதும் அந்தக் காலத்திலேயே. அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

பேசுவதற்கு மன்றம் இல்லாதபோது மக்கள் வீதிக்கு வருவது இயல்பே. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னாரில் போராட்டம் எழுந்தது. காற்றாலைப் பாதைகள் வெள்ளம் வடியும் வழிகளை மறிக்கின்றன என்றும், கரைவலை இழுக்கும் இடம் குறைகின்றது என்றும், வாடைக் காலத்தில் வரும் பறவைகளுக்கு ஆபத்து என்றும் மக்கள் முறையிட்டனர். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம் என்பது கவனிக்கத்தக்கது. ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பரில் ஏற்கெனவே அனுமதி பெற்றவை தொடரலாம் என்றும், இனிமேல் மக்களின் இணக்கமின்றித் தீவில் புதியவை தொடங்கலாகாது என்றும் பணிப்புரை வந்தது.

'மக்களின் இணக்கம்' என்ற சொல்லை நாம் பற்றிக்கொள்ள வேண்டும். இணக்கத்தை யார், எங்கே, எதை வைத்துத் தெரிவிப்பது? ஊருக்கென்று எழுதப்பட்ட திட்டம் இல்லாவிடில் அது வெறும் கையொப்பமாகவே முடியும்.

ஓடந்துறை தரும் பாடம்

தமிழ்நாட்டின் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்றொரு சிறிய ஊராட்சி உண்டு. 1996 முதல் பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்த சண்முகம், ஏறிக்கொண்டே போன மின்கட்டணத்தை முதலில் ஆராய்ந்தார். தெருவிளக்குகளும் குடிநீர்ப் பம்புகளுமே காரணம் என்று கண்டார். சில விளக்குகள் சூரிய சக்திக்கு மாறின. பம்புக்கு மரக்கழிவிலிருந்து வாயு எடுக்கப்பட்டது. பின்னர் 2006இல் சுமார் 1.55 கோடி இந்திய ரூபாவில், பெரும்பகுதியை வங்கிக் கடனாகப் பெற்று, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தது.

எமது நாட்டுச் சட்டங்கள் வேறு. ஆயினும் கணக்கிலிருந்து தொடங்கிய அந்த முறையை நாமும் பின்பற்றலாம்.

இன்றே செய்யக்கூடியவை

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் வீதிகள், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆகியவற்றைச் சபையிடமே ஒப்படைத்துள்ளது. ஆகவே:

முதலாவது, வீதி விளக்குகளை எண்ணுதல். 70 வாட் பழைய விளக்கு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 25 அலகு செலவாகும். 30 வாட் எல்.ஈ.டி. விளக்குக்கு 11 அலகு போதும். நூறு விளக்குகளை மாற்றினால் மாதம் ஏறத்தாழ 1,400 அலகு மீதமாகும்.

இரண்டாவது, வெள்ளம் வடியும் வழிகளையும் பள்ளங்களையும் கிராமம் கிராமமாக வரைபடத்தில் குறித்தல். எந்த நிறுவனம் வந்தாலும் 'இவ்வழியை மறிக்காதே' என்று காட்ட எழுத்தில் ஓர் ஆதாரம் வேண்டும்.

மூன்றாவது, கிணறுகள், பனந்தோப்புகள், கண்டற் காடுகள், கரைவலைப் பாடுகள் ஆகியவற்றைப் பதிவுசெய்து காத்தல்.

நான்காவது, எங்கே காற்றாலை அமையலாம், எங்கே கூடாது, அமைந்தால் ஊருக்கு என்ன பங்கு என்பதைப் பொதுக்கூட்டங்களில் பேசி, சபைத் தீர்மானமாக நிறைவேற்றுதல்.

இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் சபையோடு அமர்ந்தால், ஒரு மாரிக்கும் அடுத்த மாரிக்கும் இடையில் முதல் வரைபடம் ஆயத்தமாகிவிடும். புதிய சபைகள் எமது வாக்கினால் வந்தவை. அடுத்த பாதீட்டுக் கூட்டத்துக்கு முன், எமது வட்டார உறுப்பினரிடம் இந்நான்கையும் கேட்போம். அடுத்த காற்றாலைத் திட்டம் மன்னாருக்கு வரும்போது, எமது திட்டமும் அந்த மேசையில் இருக்கட்டும்.