எந்தப் பூட்டு வேண்டும்?

கொடுங்கோல் ஆட்சி என்றதும் துப்பாக்கியும் சிறைச்சாலையும் தூக்குமரமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அத்தகைய ஆட்சியின் கொடுமை முதலில் தெரிவது வீட்டு அடுப்பங்கரையில். இன்று அடுப்பு எரியுமா, எரியாதா என்று ஒரு தாய் கலங்கி நிற்கும்போதே அந்த ஆட்சி தன் வேலையை முடித்து விடுகிறது. இந்த உண்மையை ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவான ஒரு படத்தில் எடுத்துக் காட்டியவர் ஆப்கானிஸ்தானத்து டைரக்டர் ஸித்திக் பர்மக். 2003-ம் வருஷத்தில் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் 'ஒஸாமா'.

பெயரைக் கண்டு நேயர்கள் திடுக்கிட வேண்டாம். உலகம் அறிந்த அந்த மனிதரைப் பற்றிய கதை அன்று இது. ஒரு சிறுமியின் கதை. தாலிபான்கள் 1996 ஸெப்டம்பரில் காபூல் நகரைக் கைப்பற்றி, 2001-ம் வருஷ இறுதி வரையில் ஆண்டார்களே, அந்தக் காலத்தில் நடப்பது.

படத்தின் தொடக்கத்தில் நீல நிறப் புர்க்கா அணிந்த ஸ்திரீகள் கூட்டங் கூட்டமாகத் தெருவில் வருகிறார்கள். அவர்கள் ராஜ்யம் கேட்டு வரவில்லை. வேலை கேட்டு வருகிறார்கள். பலர் கணவனை இழந்தவர்கள். அவர்கள் மீது குழாய்களிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கலைக்கிறார்கள் காவலர்கள்.

நம் கதையின் சிறுமிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். தகப்பன் சண்டையில் மாண்டு போனான். தாய் ஓர் ஆஸ்பத்திரியில் பணி செய்து வந்தாள். ஆஸ்பத்திரியையும் மூடி விட்டார்கள். வீட்டில் இருப்பவர் பாட்டி, தாய், மகள் ஆக மூவரும் பெண்கள். ஆண் துணை இல்லாமல் பெண் வெளியே போகக் கூடாது. வேலையும் பார்க்கக் கூடாது. அப்படியானால் ஆண் துணையே இல்லாத வீட்டார் என்ன செய்வது? சட்டம் செய்தவர்கள் இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. பசி மட்டும் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக் கொண்டிருந்தது.

கடைசியில் பெற்றவளும் பாட்டியும் சேர்ந்து குழந்தையின் கூந்தலைக் கத்தரிக்கிறார்கள். மாண்டவனுடைய உடையைச் சுருக்கி அவளுக்கு அணிவிக்கிறார்கள். பயத்தால் நடுங்கும் பேத்திக்குப் பாட்டி ஒரு கதை சொல்கிறாள். வானவில்லின் கீழே நடந்து சென்றால் ஆண் பெண்ணாகலாம், பெண் ஆணாகலாம் என்பது அந்தக் கதை. வெட்டிய பின்னலைச் சிறுமி ஒரு பூந்தொட்டியில் நட்டு வைக்கிறாள். செடியைப் போல் அதுவும் மறுபடி வளரும் என்று அவள் நினைத்தாள் போலும்! இந்தப் படத்தில் நம்மை மிகவும் வருத்தியது இந்த இடந்தான். குழந்தையை மாறு வேஷம் பூணச் செய்தவர்கள் பகைவர்கள் அல்லர். அவளிடம் உயிரையே வைத்திருந்தவர்கள். அன்புள்ள கைகளைக் கொண்டே தன் கொடுமையைச் செய்வித்துக் கொள்வது அந்த ஆட்சியின் சாமர்த்தியம்.

தகப்பனின் பழைய நண்பர் ஒருவருடைய கடையில் சிறுமிக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் சில நாளில் ஊரிலுள்ள பையன்களை எல்லாம் திரட்டிக் கொண்டு போகிறார்கள். அவளும் அகப்பட்டுக் கொள்கிறாள். பையன்கள் அவளைச் சூழ்ந்து கொண்டு பரிகசிக்கும்போது, உண்மை தெரிந்த ஒரு சிறுவன் அவளைக் காப்பதற்காக, "இவன் பெயர் ஒஸாமா" என்று சொல்லி விடுகிறான். படத்திற்குப் பெயர் வந்த விதம் இது. உபாத்தியாயர் தொழில் செய்யும் நமக்கு அந்தப் பள்ளிக்கூடக் காட்சிகளைப் பார்ப்பது எளிதாக இல்லை. தண்டனையாக அவளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தொங்க விடுகிறார்கள். வெளியே தூக்கும்போது அவள் பருவமடைந்து விட்டது யாவருக்கும் தெரிந்து விடுகிறது.

பிறகு விசாரணை. மரண தண்டனைக்குத் தப்பிய சிறுமியை ஒரு கிழ முல்லாவுக்கு மனைவியாகக் கொடுத்து விடுகிறார்கள். அவருடைய வீட்டில் ஏற்கெனவே மனைவிமார் பூட்டிய கதவுகளுக்குள் இருக்கிறார்கள். புதியவளிடம் அவர் பலவிதப் பூட்டுகளைக் காட்டி, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளச் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கு அந்தத் தேசத்தில் கிடைத்த ஒரே உரிமை இதுதான்!

இதைப் பார்த்து விட்டு, 'அந்த நாடே அப்படித்தான், அந்த மதமே அப்படித்தான்' என்று சொல்லி விடுவது பெரும் பிழையாகும். ராணி ஸோராயாவின் ஊக்கத்தினால் காபூலில் பெண்களுக்கெனப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது 1921-ம் வருஷத்தில். தேசத்தின் பூரண சுதந்திரத்தை 1919-ல் நிலைநாட்டிய அமானுல்லாவின் காலம் அது. 1964-ம் வருஷத்து அரசியல் சட்டம் ஸ்திரீகளுக்கு வாக்குரிமை தந்தது. அடுத்த வருஷத் தேர்தலில் ஸ்திரீகள் சட்டசபையிலும் அமர்ந்தார்கள். இவற்றைச் செய்தவர்களும் முஸ்லிம்களே. திறந்திருந்த கதவைத்தான் பிற்காலத்தார் மூடினார்கள்.

சிறுமியாக நடித்த மரீனா கோல்பஹாரி நடிப்புப் பயின்றவள் அல்லள். காபூல் தெருவில் பிச்சை எடுத்துக் கொண்டிருந்த ஏழைப் பெண்ணை டைரக்டர் கண்டெடுத்தார். அந்தக் கண்களிலுள்ள அச்சம் ஒப்பனையால் வந்ததன்று என்பது பார்ப்பவர்க்கு உடனே விளங்கும். 2004-ம் வருஷத்தில் அமெரிக்காவின் 'கோல்டன் குளோப்' பரிசு இப்படத்துக்குக் கிடைத்தது.

ஸ்ரீ பர்மக் முதலில் இப்படத்துக்கு 'வானவில்' என்றே பெயரிட எண்ணியிருந்தார். சிறுமி வானவில்லின் கீழே நடந்து விடுதலை பெறுவதாக ஒரு முடிவும் இருந்தது. அந்த நம்பிக்கையான முடிவைப் பிறகு அவரே எடுத்து விட்டார். தாலிபான் ஆட்சி விழுந்து, எங்கும் நம்பிக்கை பேசப்பட்ட நாட்கள் அவை. 'இவர் ஏன் இவ்வளவு கசப்பாக முடிக்கிறார்?' என்று அப்போது யாரேனும் கேட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

அதற்குப் பதில் 2021 ஆகஸ்டில் கிடைத்தது. தாலிபான்கள் மீண்டும் காபூலுக்குள் புகுந்தார்கள். 2022 மார்ச்சில், உயர்தரப் பள்ளிகளுக்கு ஆவலோடு வந்த பெண்களை அன்று காலையிலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவ்வருஷம் டிஸம்பரில் சர்வகலாசாலைகளும் மூடப்பட்டன. 2024 டிஸம்பரில் தாதித் தொழிலும் மருத்துவச்சித் தொழிலும் பயில்வதற்குத் தடை வந்தது. நாளைக்கு அந்நாட்டுத் தாய்மாருக்குப் பிரசவம் பார்க்கப் போவது யார்? ஆண் துணையற்ற வீட்டைப் பற்றிய பழைய கேள்வியைப் போலவே இதையும் காதில் போட்டுக் கொள்வார் இல்லை.

தேசம் அந்நியரிடமிருந்து விடுபட்டால் போதும், மற்றவை தாமே வந்து விடும் என்று எண்ணுவோர் உண்டு. ஆப்கானிஸ்தானம் அந்நியரைப் பல முறை விரட்டிய நாடு. ஆயினும் பூந்தொட்டியில் பின்னலை நட்ட அந்தக் குழந்தைக்கு அதனால் என்ன பயன் விளைந்தது?

மிகச் சிறிய குழந்தைகளுக்கு இப்படத்தைக் காட்ட வேண்டாம். பள்ளிக்கூடம் செல்லும் வயது வந்த பெண்ணை உடையவர்கள் மகளை அருகில் வைத்துக் கொண்டு ஒரு முறை பார்க்கட்டும். மறுநாள் காலையில் அவள் புத்தகப் பையை எடுத்துக் கொண்டு வாசற்படி இறங்கும்போது, அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.